வால்வுப் பெருக்கியும் கிற்றாரின் தொனியும்

ஒலிக்குச் சுருதி, உரப்பு, பண்பு என மூன்று இயல்புகள் உண்டு என்பது பௌதிகவியல் பயிலும் மாணவர் யாவரும் அறிந்ததே. ஒரே சுருதியில், ஒரே உரப்பில் ஒலித்தாலும் நாகசுரத்தை வீணையினின்றும் பிரித்தறியச் செய்வது மூன்றாவதாகிய பண்பு. இதனையே இசைவாணர் தொனி என்பர். ஓர் அடிப்படை அதிர்வோடு சேர்ந்து எழும் மேற்றொனிகள் எவை, அவற்றின் வலிமை எத்துணை, அவை எவ்வாறு எழுந்து எவ்வாறு தேய்கின்றன என்பனவே தொனியை உருவாக்குகின்றன. வீணைக்குக் குடமும், மிருதங்கத்துக்குத் தோலும் கட்டையும் தொனி தருகின்றன. திண்ணிய மரப்பலகையாலான மின்கிற்றாருக்கோ அத்தகைய குடம் இல்லை. அதன் கம்பியை மீட்டினால் எழும் ஓசை பக்கத்து அறைக்கும் எட்டாது. அதன் குடம் அதனோடு ஒட்டி இராமல், ஒரு மின்வடத்தின் மறுமுனையில், பெட்டியொன்றினுள் இருக்கின்றது. அப்பெட்டியே வழக்கில் 'அம்பிளிபயர்' எனப்படும் பெருக்கி. ஆகவே அதனை வாத்தியத்தின் மறுபாதி எனல் பொருந்தும்.

1950களிலும் 1960களிலும் செய்யப்பட்ட வால்வுப் பெருக்கிகளை இன்றைய இசைவாணர் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். அவற்றினும் இலேசானவையும் மலிவானவையும் கணக்கிற் பிழையற்றவையுமான பெருக்கிகள் கடைகளிற் கிடைக்கும்போது இப்பழம் பெட்டிகளை நாடுவதேன்? பழைமை மீதுள்ள மயக்கமா, அன்றிக் காதறிந்த உண்மையா? இவ்வினாவுக்கு விடை காண, பெட்டியின் உள்ளே புகுந்து அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக நோக்குவதே வழி. மின்னலையை வலுப்படுத்தும் பகுதியை இக்கட்டுரையிற் பெருக்கி என்றும், அவ்வலையை ஒலியாக மாற்றும் பகுதியை ஒலிபெருக்கி என்றும் வழங்குவோம்.

வானொலியின் உடன்பிறப்பு

கிற்றார்ப் பெருக்கிகளுக்குப் பெயர்பெற்ற லியோ ஃபெண்டர் என்பார் இசைவாணர் அல்லர், வானொலி திருத்துபவர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்ட்டன் நகரில் 1938 ஆம் ஆண்டு வானொலி திருத்தும் கடையொன்றைத் திறந்த அவர், கிற்றார் வாசிக்கக் கற்றவரல்லர். வால்வு செய்யும் நிறுவனங்கள் வெளியிட்ட கைந்நூல்களிற் காணப்பட்ட சுற்றுகளை ஒத்தனவற்றையே அவர் தம் முதற் பெருக்கிகளில் அமைத்தார். வானொலிப் பெட்டியினின்றும் அலைவாங்கும் பகுதியை நீக்கி, அவ்விடத்திற் கிற்றாரின் மின்வடத்தைப் பொருத்தினால், எஞ்சுவது ஏறக்குறையக் கிற்றார்ப் பெருக்கியே.

இலங்கையில் 1925 ஆம் ஆண்டு கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. அதன்பின் நம் வீடுகளுக்கு வந்த வால்வு வானொலிகளும், கோயில் வீதிகளிற் கட்டிய புனல்களை முழங்கச் செய்த வால்வுப் பெருக்கிகளும் மேற்கூறிய கிற்றார்ப் பெருக்கியின் உடன்பிறப்புகள். ஐரோப்பிய வானொலிப் பெட்டிகள் பலவற்றில் இறுதி வால்வாக அமைந்தது இ. எல். 84 என்பது. அதே வால்வு நான்கு சேர்ந்து, ஆங்கில நாட்டின் வொக்ஸ் ஏ. சி. 30 என்னும் புகழ்பெற்ற கிற்றார்ப் பெருக்கியில் உழைத்தது. எனவே இப்பொருள் நமக்கு அந்நியமானதன்று. பாட்டனார் செய்தி கேட்ட பெட்டியும், இலண்டன் மேடையில் இளைஞர் முழக்கிய பெட்டியும் ஒரே தத்துவத்தில் இயங்கியவை.

உள்ளுறுப்புகள்

எடுத்துக்காட்டாக, ஃபெண்டர் நிறுவனம் 1959 ஆம் ஆண்டளவிற் செய்த பேஸ்மன் என்னும் பெருக்கியைக் கொள்வோம். தாழ்சுருதிக் கிற்றாருக்கென ஆக்கப்பட்டு, ஏனைக் கிற்றார் வாசிப்போராலும் விரும்பி ஏற்கப்பட்ட பெட்டி இது. இதனுள் ஆறு வால்வுகள் உள்ளன. முன்வரிசையிற் சிறியன மூன்று, வலுவூட்டுவன இரண்டு, மின்னோட்டத்தைச் சீராக்குவது ஒன்று.

வால்வு என்பது காற்றகற்றிய கண்ணாடிக் குழாய். அதன் நடுவே சூடேற்றப்படும் கதோட்டிலிருந்து இலத்திரன்கள் கிளம்பி, நேரேற்றமுள்ள அனோட்டை நோக்கிப் பாய்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே நெய்யரி என்னும் மெல்லிய கம்பிவலை நிற்கின்றது. நெய்யரியின் அழுத்தத்தைச் சிறிதே ஏற்றி இறக்கினால் அனோட்டுக்குச் செல்லும் பெரும் ஓட்டம் அதற்கேற்பக் கூடியும் குறைந்தும் வரும். குளத்து மதகின் பலகையை ஒரு சிறுவன் ஒரு விரற்கடை உயர்த்தினால், வயல் முழுவதற்கும் பாயும் நீர் மாறுபடுவதை இதற்கு உவமையாகக் கூறலாம். சிறுவனின் வலிமை நீரைத் தள்ளவில்லை. தேங்கிக் கிடந்த நீரின் வலிமையை அவன் ஆள்கின்றான். பெருக்குதலின் மறைபொருள் இதுவே.

கிற்றாரின் உருக்குக் கம்பிகளின் கீழே காந்தமும், அதனைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மென்செப்புக் கம்பியும் உள்ளன. கம்பி அதிரும்போது சுருளிற் பிறக்கும் மின்னலை ஓர் உவோற்றின் பத்திலொரு பங்களவே இருக்கும். இது முதலாம் வால்வை அடைகின்றது. இத்தகைய சிறு வால்வுகளுட் பெயர்பெற்றது, அமெரிக்கர் 12 ஏ. எக்ஸ். 7 என்றும் ஐரோப்பியர் இ. சி. சி. 83 என்றும் வழங்கும் வகை. ஒரு கண்ணாடிக்குள் இரண்டு மூவாயிகள் அடங்கிய இதன் ஒரு படி, அலையை ஏறத்தாழ ஐம்பது மடங்கு பெருக்க வல்லது. அடுத்து வரும் தடையிகளும் கொள்ளளவிகளும் சேர்ந்த சிறு வலை, தாழொலி, இடையொலி, உயரொலி ஆகியவற்றைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் திருகிகளுக்கு உரியது. இவ்வலை எதனையும் புதிதாகக் கூட்டுவதில்லை. வேண்டாததைக் குறைப்பதனால் வேண்டியதை முனைப்பாக்குகின்றது. அதில் இழந்த வலுவை அடுத்த படிகள் ஈடுசெய்தல் வேண்டும்.

பின்னர் அலை இரண்டாகப் பிரிக்கப்படுகின்றது. ஒன்று மேலெழும்போது மற்றது கீழிறங்கும். இவ்விரண்டையும் 5881 என்னும் இரு வலுவூட்டும் வால்வுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. மரம் அரியும் நீண்ட வாளின் இரு முனைகளையும் பற்றிய இருவரைப் போல ஒன்று மாறி ஒன்று இழுப்பதனால் ஏறத்தாழ 40 உவாற்று வலு கிடைக்கின்றது. இவ்வால்வுகளின் அனோட்டில் 400 உவோற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் நிற்கும்.

அவற்றை அடுத்து நிற்பது வெளியீட்டு நிலைமாற்றி. இரும்புத் தகடுகளின் மீது செப்புக் கம்பி சுற்றிய இப்பாரமான உறுப்பே வால்வுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் தரகன். வால்வுகள் உயர்ந்த அழுத்தத்திற் சிறிய ஓட்டத்தைத் தருவன; ஒலிபெருக்கியோ தாழ்ந்த அழுத்தத்திற் பெரிய ஓட்டத்தை வேண்டுவது. பேஸ்மனில் உள்ள நான்கு எட்டு ஓம் ஒலிபெருக்கிகளும் சமாந்தரமாக இணைக்கப்பட்டமையால் அவற்றின் மொத்தத் தடங்கல் 2 ஓம். வால்வுகள் வேண்டுவதோ ஏறத்தாழ 4,000 ஓம். தடங்கல்களின் விகிதம் 2,000 ஆகவே, சுற்றுகளின் விகிதம் அதன் வர்க்கமூலமாகிய 45 அளவில் இருத்தல் வேண்டும். உயர்தர வகுப்பு மாணவர் தம் பாடநூலிற் கற்கும் சூத்திரம் ஒரு கிற்றாரின் குரலை ஆள்வதை இங்கே காணலாம்.

இறுதியில் நிற்பது ஒலிபெருக்கி. பத்து அங்குல விட்டமுள்ள காகிதக் கூம்பும், காந்தத்திடையே அசையும் சுருளும் அதன் உறுப்புகள். கிற்றார் ஒலிபெருக்கி ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகளை மிகவும் மெலிந்தே தரும். வானொலிச் செய்திக்கோ கச்சேரி ஒலிப்பதிவுக்கோ இது பெருங்குறை. கிற்றாருக்கு இதுவே காவல் என்பதைப் பின்னர்க் காண்போம்.

திரிபு குறையா, குணமா?

உள்ளே புகுந்த அலையின் வடிவம் மாறாமல் அளவு மட்டும் பெருகி வெளிவரல் வேண்டும் என்பது பொறியியலாரின் இலட்சியம். வடிவம் மாறினால் அதனைத் திரிபு என்று கூறிக் குறையாக எண்ணுவர். ஆயின் எந்த வால்வுக்கும் எல்லையுண்டு. கம்பியை வன்மையாக மீட்டும்போது அலையின் முகடு அவ்வெல்லையை முட்டி, அதற்குமேல் ஏறமாட்டாது தட்டையாகின்றது. அலையின் வடிவம் மாறுவதென்பது புதிய மேற்றொனிகள் பிறப்பதே. முன்னர்க் கூறியபடி மேற்றொனிகளே தொனியாதலால், திரிபு என்பது தொனியின் மாற்றமாகிவிடுகின்றது.

இங்கு வேறுபாடு ஒன்று கவனிக்கற்பாலது. எளிய சுற்றில் அமைந்த வால்வு தன் எல்லையைச் சிறிது சிறிதாக அணுகும். முகடு உருண்டு தணியும். அதனால் முதலில் எழுவன அடிப்படைக்கு அண்மையிலுள்ள மேற்றொனிகள். இரண்டாவது மேற்படி அடிப்படையின் மேற்ஸ்தாயி ஆதலால் காதுக்கு இனிமையாக இசையும். மாறாக, 1947 ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட திரான்சிற்றரைக் கொண்ட சாதாரணப் பெருக்கி, எல்லைவரை திருத்தமாக நடந்து, எல்லையில் திடீரென வெட்டுண்ணும். அவ்வெட்டிற் பிறக்கும் உயர்ந்த மேற்றொனிகள் சுருதியோடு ஒட்டாமற் காதை உறுத்தும். எல்லாப் புகழும் இரண்டாவது மேற்றொனிக்கே என்பார் கூற்று முற்றும் சரியன்று. இரு வால்வுகள் மாறிமாறி இழுக்கும் அமைப்பில், அவற்றிற் பிறக்கும் இரட்டைப்படை மேற்றொனிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழிக்கும். ஆகவே தொனியை ஓர் உறுப்பின் அருளாகக் கருதாமல், எல்லா உறுப்புகளும் தத்தம் எல்லையில் வளைந்துகொடுக்கும் முறையாகக் கருதுவதே அறிவுடைமை.

சீராக்கும் வால்வும் இவ்வளைதலிற் பங்குகொள்கின்றது. ஃபெண்டரின் டீலக்ஸ் போன்ற சிறிய பெருக்கிகளில் 5 வை. 3 என்னும் சீராக்கி அமைந்தது. வன்மையான மீட்டலுக்கு வேண்டிய ஓட்டம் முழுவதையும் அதனால் உடனே அழுத்தங் குறையாமற் கொடுக்க இயலாது. அழுத்தம் சிறிது தாழ்ந்து, பின் மீளும். மீட்டிய கணத்தில் ஒலி அமுங்கி, அடுத்த கணத்தில் மலர்வது போலக் கேட்பது இதனாலேயே. ஒலியின் நீட்சியும் இதனாற் கூடுகின்றது. ஒலிபெருக்கியின் காகிதக் கூம்போ உறுத்தும் உயரொலிகளை வடித்து, இன்னொலிகளை மட்டும் வெளிவிடுகின்றது. ஒரு குறை பெற்ற காரத்தை மற்றொரு குறை தணிக்கும் விந்தை இது.

நம் இசைமரபு இவ்வுண்மையை மின்சாரம் பிறக்குமுன்னரே கண்டது. தம்புராவின் குதிரையில், தந்திக்கும் குதிரையின் மேற்பரப்புக்கும் இடையே ஒரு நூலைச் செருகுவர். தந்தி தங்குதடையின்றி அதிர்வதை அந்நூல் கெடுக்கின்றது. அக்கேட்டினாலேயே மேற்றொனிகள் மலர்ந்து சுருதி உயிர்பெறுகின்றது. அந்நூலுக்கு முன்னோர் இட்ட பெயர் 'ஜீவா'. உடப்புக் கடற்கரையிற் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவையும் எண்ணுக. மடி கரையை நெருங்கப் பாரம் ஏறும். பாரம் ஏற, பாடுவோன் குரல் கரகரக்கும். அக்கரகரப்பை நீக்கிப் பாடினால் இராகம் பிழையாகாது. ஆயினும் கயிற்றின் பாரம் பாட்டினின்றும் மறைந்துவிடும். எல்லையை முட்டும் உழைப்பைக் காது அறிந்து மதிக்கின்றது. வால்வுப் பெருக்கியின் திரிபிலும் காது அறிவது இதனையே.

மேனாட்டு இளைஞர் இதனை விரைவில் உணர்ந்தனர். 1964 ஆம் ஆண்டு கிங்க்ஸ் என்னும் ஆங்கிலக் குழுவின் டேவ் டேவிஸ், தம் சிறிய பெருக்கியின் காகிதக் கூம்பைச் சவரத் தகட்டாற் கீறி, அக்கிழிந்த கூம்பின் கரகரப்பையே இசைத்தட்டிற் பதிவுசெய்தார். பொறியியலார் தவிர்க்க முயன்றதை இசைவாணர் தேடிச் சென்றமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஒரே சுற்று, இரு குரல்கள்

உறுப்புகள் தொனியை ஆக்கும் முறையை விளக்கும் வரலாறு ஒன்று உண்டு. இலண்டனின் மேற்கே ஹான்வெல் என்னுமிடத்தில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்சல் என்பார் முரசு வாசிப்பவர், முரசு கற்பித்தவர். அமெரிக்கப் பெருக்கிகளை இறக்குமதி செய்தல் பெருஞ்செலவாயிருந்தமையால், 1962 ஆம் ஆண்டு அவரும் அவர்தம் துணைவர் கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரும் பேஸ்மனின் சுற்றையே முன்மாதிரியாகக் கொண்டு ஜே. டி. எம். 45 என்னும் பெருக்கியைச் செய்தனர். உறுப்புகளோ பெரும்பாலும் உள்ளூரில் வாங்கியவை. பேஸ்மனில் முதலாம் வால்வின் பெருக்கக் காரணி ஏறத்தாழ 44. மார்சலில் அவ்விடத்தில் அமைந்த இ. சி. சி. 83 இன் காரணி 100. நிலைமாற்றி வேறு. பின்புறம் திறந்த பெட்டியிற் பத்து அங்குல ஒலிபெருக்கிகளுக்குப் பதிலாக, முற்றும் மூடிய பெட்டியிற் பன்னிரண்டு அங்குலச் செலெஸ்ரியன் ஒலிபெருக்கிகள் நான்கு. வரைபடம் ஏறக்குறைய ஒன்றே; குரல் வேறு. முன்னது தெளிந்து விரிவது. பின்னது விரைவில் திரிந்து தடித்து முழங்குவது. பிந்திய ரொக் இசையின் ஒலி இதனின்றும் வளர்ந்தது.

இம்மாற்றம் ஆராய்ச்சிக் கூடத்திற் பிறவாமல், கையிற் கிடைத்ததைக் கொண்டு செய்ததிற் பிறந்தது என்பதை மாணவர் மனங்கொள்க. நம் நாட்டில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரால் வளர்ந்த காலமும் அதனையொட்டியதே. புதியது வாராத அந்நாளிற் பழையதைத் திருத்திப் பாவிப்பதே இயல்பாயிற்று. பழுதான உறுப்புக்கு ஈடாக வேறொன்றைப் பொருத்தும் திருத்துநரின் ஒவ்வொரு முடிவும், அவர் அறிந்தோ அறியாமலோ, தொனியைப் பற்றிய முடிவாகும்.

கருநாடக சங்கீதத்துக்கு இவற்றால் ஆவதென்ன என்று ஒருவர் வினவலாம். ஆந்திர மாநிலத்துப் பாலக்கொல்லில் 1969 ஆம் ஆண்டு பிறந்து, சென்னையில் வாழ்ந்து 2014 ஆம் ஆண்டு மறைந்த யூ. ஸ்ரீநிவாஸ் அதற்கு விடை தந்தவர். நான்கு இணைக் கம்பிகள் கொண்ட சாதாரண மண்டலினின் ஒலி விரைவில் தேய்ந்துவிடும். கமகம் முடியுமுன்னே நாதம் முடிந்துபோகும். அவர் ஐந்து தனிக்கம்பிகள் கொண்ட மின்மண்டலினைக் கையாண்டார். மின்பெருக்கம் தந்த நீட்சியினாலேயே அச்சிறு வாத்தியத்தில் இராக ஆலாபனை இடந்தேடிக்கொண்டது. பெருக்கி வாத்தியத்தின் மறுபாதி என்று தொடக்கத்திற் கூறியது இசைவகை எதற்கும் பொருந்தும்.

எதை மாற்றுவது, எதை விடுவது?

இனி நம் கடமையைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். கடலுக்கும் களப்புக்கும் இடையில் அமைந்த உடப்புப் போன்ற ஊர்களில் உப்புக்காற்று இரும்பையும் செம்பையும் விரைவில் அரிக்கின்றது. வால்வைத் தாங்கும் குதைகளிற் களிம்பேறுகின்றது. நிலைமாற்றியின் தகடுகள் துருவேறுகின்றன. மாரிகாலத்து ஈரத்தினாற் காகிதக் கூம்பு பூஞ்சணம் பிடிக்கின்றது. பேசாது போன பெட்டி, செம்பின் நிறைக்கு விலைபேசப்பட்டுப் பழைய இரும்புக்காரரிடம் சேருகின்றது. சிறு திருத்தத்தால் உயிர்பெறக் கூடியவையும் அவற்றோடு அழிகின்றன.

மறுபுறம், பழையவை யாவற்றையும் தெய்வமாகப் போற்றுதலும் தவறு. மின்பகு கொள்ளளவிகளின் உள்ளிருக்கும் இரசாயனப் பொருள் பல ஆண்டுகளில் உலர்ந்துவிடும். அவற்றை மாற்றாவிடின் இரைச்சல் எழுவதோடு ஏனை உறுப்புகளும் கெடும். பழைய காகிதக் கொள்ளளவி கசிந்தால், உயர்ந்த அழுத்தம் அடுத்த வால்வின் நெய்யரியை அடைந்து அவ்வால்வையே எரித்துவிடும். இவற்றை மாற்றுதல் முறை. வால்வும் தேய்ந்து மாளும் பொருளே. ருசியா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் அவை செய்யப்படுகின்றன. ஆயின் நிலைமாற்றியும் ஒலிபெருக்கியும் உயிரோடு இருக்கும்வரை அவற்றைக் காத்தல் வேண்டும். பெட்டியின் குரலிற் பெரும்பங்கு அவற்றுக்குரியது. அவற்றை ஒத்த வேறொன்றைப் பெறுதல் எளிதன்று. பழைய காபன் தடையிகளில் மாயம் உண்டெனச் சிலர் கூறுவர். பெரும்பாலும் அவை கூட்டித் தருவது இரைச்சலையே.

எச்சரிக்கை ஒன்றும் அவசியம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் இப்பெருக்கிகளின் கொள்ளளவிகளில் நூற்றுக்கணக்கான உவோற்று அழுத்தம் தேங்கி நிற்கலாம். அது உயிரைப் பறிக்க வல்லது. பழைய வானொலிகள் சிலவற்றில் உலோகச் சட்டகமே நேரடியாக மின்வழங்கலோடு தொடுக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் விற்கச் செய்த பெருக்கி ஏறத்தாழ 117 உவோற்றுக்கு உரியது. அதனை நம் 230 உவோற்றில் இணைத்தல் அழிவு. ஆகவே தேர்ந்த திருத்துநர் அருகிலின்றி மாணவர் எவரும் இவற்றைத் திறத்தலாகாது.

அத்தகைய திருத்துநர் நம் ஊர்களில் அருகி வருகின்றனர் என்பதே இங்கு மிகப் பெரிய இழப்பு. எந்தப் பெட்டி எந்த நிலையில் எவ்வாறு முனகும், எந்த நாற்றம் எந்த உறுப்பின் இறுதியை அறிவிக்கும் என்பன அவர்தம் கைகளில் உள்ள கல்வி. அது நூலேறியதன்று. விஞ்ஞானம் பயிலும் மாணவர் இருவர் மூவராகச் சென்று, அவர்கள் கூறுவனவற்றைத் தமிழில் எழுதிவைப்பாராயின், அது கல்லூரி நூலகத்துக்கு நல்லதொரு சேர்க்கையாகும். பழுதான ஒரு வால்வுப் பெட்டி, மின்னிணைப்பு நீக்கி, கொள்ளளவிகளின் ஏற்றம் வடித்து, விஞ்ஞானகூடத்து மேசையில் திறந்து வைக்கப்படுமாயின், ஓமின் விதியும், நிலைமாற்றியின் சுற்று விகிதமும், மேற்றொனிகளின் இலக்கணமும் அங்கே ஒருங்கு கண்ணுக்குப் புலனாகும்.

குறையற்ற பெருக்கி பேச்சைப் பேச்சாகத் தரும். அதன் பணி அதுவே. கிற்றாரின் பெருக்கிக்கு உரிய பணி வேறு. தன் வலிமையின் எல்லையில் அது எவ்வாறு வளைந்து கொடுக்கின்றது என்பதே அதன் தொனி. பழம் பெட்டிகளை நாடும் இசைவாணர் மயங்கினார் அல்லர், காதறிந்ததை நாடுகின்றனர். எனினும் அவர் நாடும் பொருள் பழைமையில் இல்லை. எல்லையறிந்து உழைக்கும் உறுப்புகளின் சேர்க்கையில் உள்ளது. அச்சேர்க்கையை அறிந்தோர் பழையதைக் காக்கவும் வல்லர். புதியதை ஆக்கவும் வல்லர்.